மாலை மாத்திரை

ஜூன் 11, புதன்

மூன்றாவது கீமோ. உசிலம்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் நானும் பஞ்சவர்ணமும் மதுரைக்குக் கிளம்பினோம். இத்தனை வருஷம் நான் ஓட்டிய ரூட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவது இன்னும் பழகவில்லை. வளைவு வரும்போதெல்லாம் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது. குடலில் இருந்த கட்டியை மார்ச் மாதமே அறுத்து எடுத்துவிட்டார்கள். மிச்சம் மீதி எங்காவது ஒளிந்திருந்தால் அதைக் கொல்லத்தான் இந்த மருந்து. ஒரு புதன் விட்டு ஒரு புதன் போட வேண்டும்.

மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது வாசுகி சிஸ்டர் வந்தார். ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை செய்பவர்.

"கீமோ போடுறவங்களுக்கு வர்ற அசதிக்கு ஒரு காளான் மாத்திரை குடுத்துப் பாக்குறோம்ணே. பாதிப் பேருக்கு அசல் காளான், பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. கம்ப்யூட்டர்தான் பிரிக்கும்."

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "காளான்னா, பிரியாணில போடுவாய்ங்களே அதுவா?"

"இல்லங்கய்யா. இது மரத்துல வளரும். ரெய்ஷின்னு பேரு. வார்னிஷ் அடிச்ச பலகை மாதிரி கெட்டியா, செவப்பா இருக்கும். மெல்ல முடியாது. சாறு எடுத்துத்தான் சாப்பிடணும். சீனாவுல, ஜப்பான்ல ரொம்ப காலமா மருந்தா வச்சிருக்காங்க."

"கேன்சரு போயிருமா?"

"அப்படின்னு யாரும் நிரூபிக்கல. அசதி குறையுது, தூக்கம் வருது, எதிர்ப்பு சக்தி கொஞ்சம் கூடுதுன்னு சிலர் சொல்றாங்க. அது நெசமான்னு பாக்கத்தான் இந்த ஏற்பாடே. கீமோவுக்குப் பதிலா இல்ல, கீமோவோட சேத்து."

அப்புறம் நிபந்தனைகளை வாசித்தார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சேரக் கூடாது, இந்தக் காளான் ரத்தக் கசிவைக் கூட்டலாம். இடையில் புதிதாக எந்த மாத்திரை ஆரம்பித்தாலும் உடனே சொல்ல வேண்டும். நானும் கையெழுத்துப் போட்டேன், பக்கத்து நாற்காலியும் போட்டார். அவர் பெயர் ராயப்பன். வாடிப்பட்டியில் மைக்செட் வைத்திருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இரைப்பையில் கட்டி.

"டிரைவரே, ஒருத்தருக்காவது அசல் விழுகட்டும்யா" என்றார். அந்தக் கூடமே திரும்பிப் பார்த்தது. குரல் அப்படி.

ஜூன் 13, வெள்ளி

காலை ஒன்று, மாலை ஒன்று. பழுப்பு நிற மாத்திரை. கீமோவுக்கு அப்புறம் பச்சைத் தண்ணீரைத் தொட்டால் விரல் நுனியில் கரண்ட் அடிக்கிறது. பஞ்சவர்ணம் எனக்கு முகம் கழுவக்கூட வெந்நீர் வைக்கிறாள்.

ஜூன் 20, வெள்ளி

நேற்று நன்றாகத் தூங்கினேன். பால்காரர் மணி அடித்துத்தான் எழுந்தேன். தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பஞ்சவர்ணம் சட்டினியை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அசல்தான் விழுந்திருக்கு உங்களுக்கு" என்றாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜூன் 25, புதன்

நான்காவது கீமோ. ராயப்பன் அண்ணன் இளைத்துப்போயிருந்தார். அவர் மனைவி லூர்து மதினி சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். ஆனால் குரல் மட்டும் குறையவில்லை.

"எனக்கு மாவுதான்யா குடுத்திருக்காய்ங்க. கட்டில்ல இருந்து எந்திரிக்கவே முடியல."

என் நாக்கை நீட்டச் சொன்னார். அவர் மாத்திரை ஒன்றை உடைத்துப் பொடியை என் நாக்கில் வைத்தார். ருசியே தெரியவில்லை. அப்புறம் என் மாத்திரையை உடைத்தோம். அதிலும் தெரியவில்லை. கீமோ தொடங்கியதிலிருந்து எனக்கு எல்லாமே இரும்பு நக்கியது போலத்தான். ஆனால் அண்ணன் என் பொடியை நக்கிவிட்டு, "கசக்குதே! உன்னுது கசக்குதுய்யா" என்றார். அவர் நாக்கும் என் நாக்கைப் போலத்தான் இருக்கும். நான் மறுத்துப் பேசவில்லை.

ஆகஸ்ட் பதினாலாம் தேதி அவர்கள் ஊர் மாதா கோயிலில் தேர்பவனி. வாலிப வயசிலிருந்து அவர்தான் மைக்செட். இந்த வருஷம் சோழவந்தான்காரன் ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கிறானாம்.

"அன்னைக்கு ஒரு நாள் நான் காலூண்டி நிக்கணும் டிரைவரே. சாயந்தர மாத்திரைய மட்டும் எனக்குக் குடு. காலைல உள்ளத நீ போடு. ஆளுக்குப் பாதி."

முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

போனில் மறுபடி கேட்டார். குரல் முதல் தடவையாக மெதுவாக இருந்தது. பாத்ரூமில் விழுந்துவிட்டாராம்.

ஜூலை 1, செவ்வாய்

டிப்போவுக்கு நடந்தே போனேன். வாடிப்பட்டி வண்டியில் கண்டக்டர் மொக்கச்சாமி. ஒரு வாரத்து மாலை மாத்திரைகளைத் தீப்பெட்டியில் போட்டு நூல் சுற்றிக் கொடுத்தேன். "என்னண்ணே, மோதிரமா?" என்றான். ஆமாம் என்றேன். ஸ்டாண்டில் ஒரு பையன் வந்து வாங்கிக்கொள்வான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு ஜீவன் எழுந்து நடந்தால் யாருக்கு நஷ்டம்?

ஜூலை 9, புதன்

ஐந்தாவது கீமோ. ராயப்பன் அண்ணன் நடந்து வந்தார். நடந்து! லூர்து மதினி பையை மட்டும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

வாசுகி சிஸ்டர் டப்பாவில் மீதம் இருக்கும் மாத்திரைகளை எண்ணினார். எனக்குச் சரியாக இருந்தது. அண்ணன் டப்பாவும் சரி. என்னுடையவற்றை அவர் தீப்பெட்டியில் இருந்து எடுத்துத் தின்றால் டப்பாவுக்கு எப்படித் தெரியும்?

"ரெண்டு பேருமே தெளிவா இருக்கீங்களே" என்று சிஸ்டர் சந்தோஷப்பட்டார். நல்ல பெண். அவர் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைச் சரி செய்தேன்.

அண்ணன் செருப்பைக் கழற்றியபோது இடது கால் வீங்கியிருந்தது. சிஸ்டர் கேட்டதற்கு மதினி, "நடக்க ஆரம்பிச்சதுல வந்த வீக்கம்" என்றார்.

ஜூலை 14, திங்கள்

அது நடையால் வந்த வீக்கம் இல்லை என்று அண்ணன் போனில் சொன்னார். ஊரில் ஒரு டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். கால் நரம்பில் ரத்தம் கட்டியிருக்கிறது. உறையாமல் இருக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"மதுரைல சொல்லாத டிரைவரே. சொன்னா காளான நிறுத்திருவாய்ங்க. அந்த சிஸ்டர் வாசிச்சாங்கல்ல."

"அண்ணே, அது எதுக்கு வாசிச்சாங்கன்னு—"

"எனக்குத்தான் மாவாச்சே. மாவு ரத்தத்த என்ன செய்யும்? உன்னுது பாதிதான். பாதி என்ன செய்யும்?"

அவர் உடம்பு, அவர் வாய். நான் எதைச் சொல்ல?

ஜூலை 18, வெள்ளி

மொக்கச்சாமியிடம் தீப்பெட்டி கொடுத்தேன்.

ஜூலை 23, புதன்

ஆறாவது கீமோ. கூடத்துக்கு வெளியே கை கழுவும் இடத்தில் ராயப்பன் அண்ணன் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். துப்பியது சிவப்பாக இருந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டார். "பிரஷ் புதுசு" என்றார்.

டாக்டர் இளவேனில் ஒவ்வொருவரிடமும் வந்து கேட்டார். வழக்கமான கேள்விதான்.

"வேற எதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா ராயப்பன் சார்?"

"ஒண்ணும் இல்லங்கம்மா."

"கால் எப்படி இருக்கு?"

"வத்திருச்சு."

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீங்க, சோலைமலை சார்?"

"எனக்கும் ஒண்ணும் இல்லங்கம்மா." என்னைப் பற்றித்தானே கேட்டார். உண்மையைத்தான் சொன்னேன்.

மேலே ஃபேன் ஒரு பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது. கழன்று விழுமோ என்று மருந்து முடிகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

வெயில். பஞ்சவர்ணம் கோழி அடித்தாள். ஒரு வாய் கூடச் சாப்பிட்டேன். அண்ணனுக்குப் போன் செய்ய நினைத்து, செய்யவில்லை.

ஜூலை 30, புதன்

"சாயந்தரம் மாத்திரை போட்டீங்களா?" என்று பஞ்சவர்ணம் கேட்டாள்.

"போட்டேன்."

"தண்ணி செம்பு எடுத்தத நான் பாக்கலயே."

"நீ மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்த."

உலை கொதிக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டாள். ஏதோ தெரிந்திருக்கிறது. எங்கள் கல்யாணத்தன்றே என் பொய்யைக் கண்டுபிடித்தவள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அண்ணன் போன் செய்தார். தேர்பவனிக்கு ஆம்ப்ளிஃபயரைத் துடைத்து, குழாய்களுக்குப் புது ஒயர் போட்டுவிட்டாராம். ஒயர் இழுத்ததில் கை முழுக்க நீலம் நீலமாகக் கன்றிப்போயிருக்கிறதாம். அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். "நாடகத்துல நீலச் சாயம் பூசுனவன் மாதிரி இருக்கேன்யா."

"அண்ணே, அடுத்த புதன் டாக்டரம்மாகிட்ட கையக் காட்டுங்க."

"பதினாலு முடியட்டும்."

"ரத்த மாத்திரையாவது எவ்வளவு சாப்பிடணும்னு கேட்டுக்கிடுங்க."

"நீ சொல்லிராத" என்றார். சிரிப்பு நின்றிருந்தது. "சொன்னா அப்புறம் எனக்கும் உனக்கும் பேச்சு இல்ல."

இந்த வாரத் தீப்பெட்டியைக் கொடுக்கவில்லை. சட்டைப் பையிலேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

எனக்கு ஏழாவது கீமோ. அண்ணனுக்குப் போடவில்லை. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன, ஒரு வாரம் பொறுத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கீமோவால் அப்படிக் குறைவது உண்டு என்று டாக்டரம்மா சொன்னார். அண்ணன் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டு வரை பொத்தான் மாட்டியிருந்தார்.

போகும்போது என் தோளைத் தட்டினார். "தீப்பெட்டி வரலயே இந்த வாரம்?"

"மொக்கச்சாமி லீவுண்ணே."

"சரி, கையிலயே குடு."

கூட்டத்துக்கு நடுவே கையை நீட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கையை அதிக நேரம் நீட்ட வைக்க முடியவில்லை. கொடுத்துவிட்டேன்.

அப்புறம் வாசுகி சிஸ்டர் என் பக்கத்தில் வந்து, "என்னண்ணே, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் எதிர் நாற்காலியில் ஒரு அம்மாவுக்கு வாந்தி வந்துவிட்டது. சிஸ்டர் ஓடினார். திரும்பி வந்தபோது, "என்னமோ சொல்ல வந்தீங்களே" என்று கேட்டார்.

"ஃபேன் ஆடுது சிஸ்டர்" என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். லூர்து மதினி போன்.

"தம்பி, மூக்குல ரத்தம் நிக்க மாட்டேங்குது. ரெண்டு துண்டு நனைஞ்சிருச்சு. வெளிக்கும் கறுப்பா போயிருக்கு. 108-ல ஏத்தியாச்சு, மதுரைக்கு வந்துக்கிட்டு இருக்கோம்."

"காலு ரத்தக்கட்டுக்குக் குடுத்த மாத்திரையக் கையோட எடுத்துக்கிட்டீங்களா மதினி?"

"அத சொல்லக் கூடாதுன்னாரே தம்பி. உங்களுக்கும் தெரியுமா?"

"சொல்லுங்க மதினி. மொதல்ல அதச் சொல்லுங்க. மாத்திரை அட்டைய டாக்டர் கையில குடுத்துருங்க."

வண்டிச் சத்தத்தில் கேட்டதா இல்லையா தெரியவில்லை. போன் நின்றுவிட்டது.

கிளம்பினேன். பஞ்சவர்ணமும் செருப்பை மாட்டிக்கொண்டாள். எங்கே என்று கேட்கவில்லை. பஸ்ஸில் எல்லாவற்றையும் சொன்னேன். செக்கானூரணி தாண்டினோம். அப்புறம், "டாக்டர்கிட்டயும் இப்படியே சொல்லுங்க. கூட்டிக் கொறைக்காதீங்க" என்றாள்.

அவசர சிகிச்சைப் பிரிவின் கதவுக்குள் என்னை விடவில்லை. கண்ணாடி வழியே அண்ணனின் கால்கள் மட்டும் தெரிந்தன. டாக்டர் இளவேனில் வெளியே வந்தபோது குறுக்கே போய் நின்றேன்.

"ராயப்பன் அண்ணன் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாரும்மா. போன மாசத்துல இருந்து. அதோட என் காளான் மாத்திரையையும் சாப்பிட்டாரு. நான்தான் குடுத்தேன்."

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"ரத்த மாத்திரை விஷயம் அவர் மனைவி இப்பத்தான் சொன்னாங்க. உங்க மாத்திரை எத்தன நாளா?"

"ஜூலை ஆரம்பத்துல இருந்து. தெனம் ஒண்ணு. அவரோட ரெண்டு தனி."

"புதன்கிழமை என் முன்னாடிதான உக்காந்திருந்தீங்க சார்?"

பதில் சொல்வதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

அண்ணனுக்கும் எனக்கும் என்ன மாத்திரை என்று உடனே தெரிய வேண்டும் என்று மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். அப்படித் திறந்துவிட்டால் இரண்டு பேரும் ஆராய்ச்சியில் இருக்க முடியாது. வாசுகி சிஸ்டர் என்னிடம் சம்மதம் கேட்டார். கையெழுத்துப் போட்டேன். நடைவழியில் தரையில் உட்கார்ந்தேன். மதினி எதிர்ச் சுவரோரம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் கொடுத்ததை அவரிடமும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு மனிதனை நான் கொன்றுவிட்டேன் என்று அங்கே உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க நம்பினேன். தீப்பெட்டியும் நூலும் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தன.

சிஸ்டர் திரும்பி வந்தார்.

"அண்ணே, உங்களுது மாவு. சோள மாவு. ராயப்பன் ஐயாவோடதுதான் அசல்."

எனக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதையேதான் சொன்னார்.

சந்தோஷப்பட்டேன். எழுந்து பஞ்சவர்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் குடுத்தது மாவு, வெறும் மாவு" என்றேன். சிஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரலில் கோபம்.

"நீங்க குடுத்ததால ஒண்ணும் ஆகல. ஆனா அவரு அசல் காளானையும் ரத்த மாத்திரையையும் சேத்து சாப்பிடுறாருன்னு எங்க யாருக்கும் தெரியாது. அந்த மாத்திரை விஷயம் உங்களுக்குத் தெரியும்ணே."

பஞ்சவர்ணத்தின் கையை விட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தட்டணு ஏற்றியிருக்கிறார்கள். ரத்தமும் ஏற்றுகிறார்கள். கசிவு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

காளானால்தான் இப்படி ஆனதா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். "ரத்த மாத்திரை அளவு கூடிப்போயிருந்தது. யாரும் ரத்தம் எடுத்துப் பாத்து அளவ மாத்தல. கீமோவால தட்டணு கொறஞ்சிருக்கு. இரைப்பைல கட்டி இருக்கு. இதுக்கெல்லாம் மேல காளான். எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒவ்வொண்ணையும் சரி பண்ணியிருப்பேன்."

ஆகஸ்ட் 11, திங்கள்

மாத்திரையை நிறுத்தி இரண்டு நாள். மத்தியானம் சோறு இறங்கவில்லை. பஞ்சவர்ணம் எதிரே உட்கார்ந்து, "மாவு நின்னதுக்கா பசி நிக்குது?" என்று கேட்டாள். சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கசிவு நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 14, வியாழன்

அண்ணனை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று வாசுகி சிஸ்டர் சொன்னதால் மதுரைக்குப் போனேன். லூர்து மதினி வாசலிலேயே மறித்தார்.

"எதுக்கு வந்தீங்க?"

"பாத்துட்டுப் போயிர்றேன் மதினி."

"அவரு சொன்னாருன்னு நானும் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். எனக்கு அந்த விதி கிதியெல்லாம் தெரியாது. உங்களுக்கு வாசிச்சுக் காட்டுனாங்கள்ல?"

ஆமாம் என்றேன். அவர் வழியை விட்டார்.

அண்ணன் சாய்ந்து படுத்திருந்தார். மூக்கில் பஞ்சு. ஊரிலிருந்து யாரோ போன் போட்டுப் பிடித்திருந்தார்கள். தேர் கிளம்பியிருந்தது. சோழவந்தான்காரன் மைக்செட். மாதா பாட்டு கரகரவென்று வந்தது. "பேஸ் அதிகமா வச்சிருக்கான், மடையன்" என்றார். குரல் அடுத்த கட்டிலுக்குக்கூடக் கேட்காது.

போனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னுது அசலாம்ல?"

"ஆமாண்ணே."

"நாந்தான் படுத்தே கெடந்தேனே. அப்ப உன்னுது வந்த பெறகு எப்படி எந்திரிச்சு நடந்தேன்?"

"என்னுது மாவுண்ணே."

நம்பவில்லை. மதினியைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார். அண்ணன் சிரிக்கப் போய் மூக்கைப் பிடித்துக்கொண்டார். "சிரிக்க வைக்காதய்யா, ரத்தம் வந்துரும். அப்ப நீ எப்படிய்யா தூங்குன?"

தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

"நான் சொல்லியிருக்கணும்ணே" என்றேன்.

"நான்தான சொல்லாதன்னேன்."

"அதுக்காகத்தான் சொல்லியிருக்கணும்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கோபமா அசதியா என்று தெரியவில்லை. ஆரஞ்சுப் பழங்களை மதினியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

எட்டாவது கீமோ. பக்கத்து நாற்காலியில் தேனிக்காரர் ஒருவர். பேசவே இல்லை. அண்ணன் நேற்றுத்தான் வீட்டுக்குப் போனாராம்.

கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசுகி சிஸ்டர் அந்த நிபந்தனைகளை மறுபடி வாசித்தார். என் பக்கம் பார்க்காமல் வாசித்தார். அது அவர் நல்ல மனசு.

ஆகஸ்ட் 27, புதன்

சுமாராகத் தூக்கம். விரல் மரத்துப்போகிறது. பஞ்சவர்ணத்துக்கு முதுகு வலி, தைலம் தேய்த்துவிட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

ஒன்பதாவது கீமோ. ராயப்பன் அண்ணன் வந்தார். சக்கர நாற்காலிதான். ஆனால் என் பக்கத்தில்தான் போடச் சொன்னார். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. கால் ரத்தக்கட்டுக்கு இப்போது மாத்திரை இல்லை, தினமும் வயிற்றில் ஊசி. இன்று மறுபடி கீமோ ஆரம்பிக்கிறார்கள்.

மதினி மருந்து வாங்கப் போன நேரத்தில் மடியில் இருந்த பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு டப்பா. மேலே சிவப்புக் காளான் படம்.

"மருமகன் போன்ல ஆர்டர் போட்டான். ரெய்ஷி. ஆஸ்பத்திரில குடுத்தத விட நாலு மடங்கு சத்துன்னு போட்டிருக்கு. நேத்துல இருந்து ரெண்டு வேளை."

"அண்ணே!"

"மெதுவாப் பேசு. ரத்தம் வந்தது அந்த மாத்திரையாலய்யா. அதத்தான் நிறுத்தியாச்சே. என்னுது அசலுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. அதுதான் என்ன நிப்பாட்டுச்சு. மாவா நிப்பாட்டும்?"

"இப்ப ஊசி போடுறீங்க. அதுவும் அதே வேலையத்தான் செய்யும்."

"ஊசி வேற, மாத்திரை வேற." பையை மூடினார். "உன்ன நம்பித்தான் காட்டுனேன்."

டாக்டர் இளவேனில் வரிசையாக வந்துகொண்டிருந்தார். எனக்கு முன்னால் அண்ணன்.

"வேற எதாவது சாப்பிடுறீங்களா ராயப்பன் சார்? பட்டது போதும், உண்மையச் சொல்லுங்க."

"சத்தியமா இல்லங்கம்மா."

மலை ரோட்டில் பிரேக் பிடிக்காமல் போன அன்றுகூட இப்படிப் பயந்ததில்லை.

"பொய் சொல்றாரும்மா" என்றேன். "காளான் பொடி சாப்பிடுறாரு. நேத்துல இருந்து. பையில இருக்கு."

கூடம் முழுக்கத் திரும்பியது. மதினி மருந்துப் பொட்டலத்தோடு வாசலில் நின்றுவிட்டார். அண்ணன் பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு.

"சீ" என்றார் என்னைப் பார்த்து. "நீயெல்லாம் ஒரு மனுசன்."

டாக்டரம்மா அவர் முன்னால் குனிந்து உட்கார்ந்தார். "காளான் கெட்டதுன்னு நான் சொல்லல சார். அதுல நல்லது இருக்கலாம். இந்த ஆராய்ச்சி முடிஞ்சா எனக்கே தெரியும். ஆனா ஊசி போடுற வரைக்கும், தட்டணு ஏறுற வரைக்கும் உங்களுக்கு வேணாம். இன்னொரு தடவை கசிஞ்சா நிப்பாட்ட முடியுமான்னு என்னால சொல்ல முடியாது."

மதினி வந்தார். பையிலிருந்து டப்பாவை உருவி டாக்டரம்மாவிடம் கொடுத்தார். அப்புறம் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கூடத்தின் மறு கோடிக்குப் போனார். போகும்போது என்னைத் தாண்டுகையில் ஒரு நொடி நின்றார்.

செப்டம்பர் 5, வெள்ளி

போன் செய்தேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

எடுக்கவில்லை. மாதாவின் பிறந்தநாளாம் இன்று, மொக்கச்சாமி சொன்னான். வாடிப்பட்டி ஸ்டாண்டு வரை பாட்டுச் சத்தம் கேட்டதாம். யார் மைக்செட் என்று அவனுக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

அவர் இனிப் பேசாவிட்டாலும் போகட்டும். கீமோவுக்கு வந்தால் போதும். பஞ்சவர்ணத்திடம் இதைச் சொன்னேன். "வருவாரு" என்றாள். எதை வைத்துச் சொன்னாளோ.

செப்டம்பர் 17, புதன்

பத்தாவது கீமோ. சீக்கிரமே வந்து உட்கார்ந்துவிட்டேன். தேனிக்காரர் பக்கத்து நாற்காலிக்கு வந்தார். ஆள் வருகிறது என்று சொல்லி அதில் துண்டைப் போட்டு வைத்தேன். கூடம் நிறைந்துகொண்டே வந்தது. மற்றவர்களுக்கு ஊசி ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். நாற்காலியைக் காலி செய்யும்படி வார்டுப் பையன் இரண்டு முறை கேட்டுவிட்டான்.

அப்புறம் ராயப்பன் அண்ணன் வந்தார். ஒரு கை மதினியின் தோளில், மறு கை சுவரில். கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். மறு கோடியில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மதினி அந்தப் பக்கம் திரும்பினார். அண்ணன் திரும்பவில்லை.

என் துண்டை எடுத்து என் மடியில் எறிந்துவிட்டு உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சிஸ்டர் ஊசி குத்தினார், பாட்டிலை மாட்டினார். தட்டணு ஏறியிருப்பதாக மதினி எனக்குக் கேட்கும்படி சிஸ்டரிடம் சொன்னார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டில் பாதி இறங்கியது.

"டிரைவரே" என்றார். கூடமே திரும்பிப் பார்த்தது.

"சொல்லுங்கண்ணே."

"கால் குளுருது. அந்தப் போர்வைய இழுத்து விடு."

எழுந்து இழுத்து விட்டேன்.